திறவுகோலின் நீளமும் பூட்டின் வலிமையும்

முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் மென்பொருள் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகளிலும் ஒரு வாக்கியம் அடிக்கடி தென்படும்: 'தரவுகள் 2048 பிட் ஆர்எஸ்ஏ திறவுகோலால் பாதுகாக்கப்பட்டுள்ளன.' நெறியாளரும் புறத்தேர்வாளரும் அந்த வரியில் நிற்காமல் அடுத்த பத்திக்குச் சென்றுவிடுவார்கள். எண் பெரிதாக இருப்பதால் ஐயம் எழுவதில்லை. வாய்மொழித் தேர்விலும் அதைப் பற்றி எவரும் வினவுவதில்லை.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்தால், பெரும்பாலும் அது ஒரே ஒரு நிரல் வரியில் சென்று முடியும். குறியாக்க நிரலகத்திடம் 'இத்திறவுகோலின் அளவு என்ன?' என்று கேட்கப்பட்டிருக்கும். நிரலகம் 2048 என்று விடை தந்திருக்கும். விடையில் பிழை இல்லை. ஆனால் ஆய்வேட்டில் அதே எண் வேறொரு கேள்வியின் விடையாக அமர்ந்திருக்கிறது: 'இதை உடைக்க எதிரிக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும்?' முதற்கேள்வி ஓர் எண்ணின் நீளத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி மனித அறிவின் இன்றைய எல்லையைப் பற்றியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளைந்த இழப்புகள் கணினித்துறை வரலாற்றில் பல.

உலகின் பெரும்பகுதி இணைய வழங்கிகளில் இயங்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு திறவுகோலைப் பற்றி அதனிடம் மூன்று வகையாகக் கேட்க முடியும். 'கெட் பிட்ஸ்' என்னும் செயல்கூறு திறவுகோலின் நீளத்தைப் பிட்டுகளில் சொல்லும். 'கெட் செக்யூரிட்டி பிட்ஸ்' பாதுகாப்பு வலிமையைப் பிட்டுகளில் சொல்லும். 'கெட் சைஸ்' என்பதோ, அத்திறவுகோலைக் கொண்டு இடும் கையொப்பம் போன்ற வெளியீட்டுக்கு அதிக அளவாக எத்தனை பைட் இடம் ஒதுக்க வேண்டும் என்று மட்டுமே சொல்லும். 2048 பிட் ஆர்எஸ்ஏ திறவுகோலுக்கு இம்மூன்றும் முறையே 2048, 112, 256 என்று விடை தரும். பி-256 என்னும் நீள்வட்ட வளைவில் அமைந்த திறவுகோலுக்கு 256, 128, 72 என்று வரும்.

இந்த ஆறு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே குழப்பம் எங்கே பிறக்கிறது என்பது விளங்கும். 2048 பிட் நீளமுள்ளது 256 பிட் நீளமுள்ளதைவிட வலிமையில் குறைந்தது. பைட் கணக்கில் வரும் 256-க்கும் பிட் கணக்கில் வரும் 256-க்கும் எவ்வகை உறவும் இல்லை. பெயரில் 'சைஸ்' என்று இருப்பதாலேயே மூன்றாவது செயல்கூற்றை அழைத்து, கிடைத்த 256-ஐத் திறவுகோல் அளவென்று பதிவு செய்வது தொடக்கநிலையாளர் எளிதில் விழக்கூடிய குழி. பைத்தான் மொழியில் பரவலாக வழங்கும் குறியாக்க நிரலகங்களில் 'கீ சைஸ்' போன்ற பண்பைக் கேட்டால் நீளம் மட்டுமே கிடைக்கும். அதை வலிமையாக மொழிபெயர்க்கும் பொறுப்பு கேட்டவருடையது.

பாதுகாப்பு வலிமை என்பதற்கு ஓர் எளிய வரையறை உண்டு. ஒரு குறியாக்க முறையை உடைக்க, இன்று அறியப்பட்ட வழிகளுள் மிகச் சிறந்த வழிக்கு ஏறத்தாழ 2-இன் n-ஆம் அடுக்கு அளவுக்குச் செயல்கள் தேவைப்பட்டால், அதன் வலிமை n பிட். நல்ல சமச்சீர் முறையான ஏஇஎஸ்-இல் ஒவ்வொரு திறவுகோலாக முயன்று பார்ப்பதைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் விரைவான வழி அறியப்படவில்லை. ஆகவே அங்கே 128 பிட் நீளம் 128 பிட் வலிமையாகவே நிற்கிறது. நீள்வட்ட வளைவுகளில் வர்க்கமூல அளவு உழைப்பே போதும் என்பதால் வலிமை பாதியாகிறது. ஆர்எஸ்ஏ-வில் எதிரி திறவுகோல்களை ஒவ்வொன்றாக முயல்வதில்லை. ஒரு பெரிய எண்ணை அதன் இரு பகாக் காரணிகளாகப் பிரிக்க முயல்கிறார். எண்புலச் சல்லடை என்னும் முறை அப்பணியை வெகுவாக விரைவுபடுத்துகிறது. அதனால்தான் அங்கே நீளம் மளமளவென்று கூடினாலும் வலிமை மெல்ல மெல்லவே ஏறுகிறது.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் வெளியிட்டுள்ள ஒப்பீட்டு அட்டவணை இதைச் சுருக்கமாகக் காட்டும். 112 பிட் வலிமைக்கு ஆர்எஸ்ஏ-வில் 2048 பிட்டும் வளைவுகளில் 224 பிட்டும் வேண்டும். 128 பிட் வலிமைக்கு 3072, 256. 192 பிட் வலிமைக்கு 7680, 384. 256 பிட் வலிமைக்கு 15360, 512. வலிமையை 128-இலிருந்து இரு மடங்காக்க வளைவின் நீளம் இரு மடங்கானால் போதும். ஆர்எஸ்ஏ-வின் நீளமோ ஐந்து மடங்காக வேண்டும்.

நீளத்தையும் வலிமையையும் பிரித்தறியாமை மாணவரோடு நின்றுவிடும் பிழையும் அன்று. இந்தியாவில் இணையச் சேவை நிறுவனங்களுக்கான உரிம நிபந்தனைகளில் நெடுங்காலம் ஒரு வரம்பு இருந்தது. தனியாரும் நிறுவனங்களும் முன் அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடிய குறியாக்கம், ஆர்எஸ்ஏ முறையிலோ அதற்கு ஈடான பிற முறைகளிலோ 40 பிட் திறவுகோல் நீளத்தைத் தாண்டலாகாது என்பது அதன் பொருள். தாண்ட விரும்புவோர் எழுத்துமூல அனுமதி பெற்று, திறவுகோலை இரு கூறாக்கித் தொலைத்தொடர்பு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

40 பிட் நீளமுள்ள ஆர்எஸ்ஏ என்பது என்ன? நாற்பது பிட்டுகளில் அடங்கும் எண்ணுக்கு அதிகம் போனால் 13 இலக்கங்கள் இருக்கும். அதன் சிறிய பகாக் காரணி 10,48,576-க்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 82,000. பள்ளி மாணவர் எழுதும் வகுத்துப் பார்க்கும் நிரல்கூட, சாதாரண மடிக்கணினியில், கண் இமைக்கும் நேரத்தில் விடையைக் கண்டுவிடும். விதியை வகுத்தவர்கள் சமச்சீர் குறியாக்கத்தின் 40 பிட்டை மனத்தில் வைத்திருக்கக்கூடும். அமெரிக்காவும் தன் ஏற்றுமதி விதிகளில் சமச்சீர் முறைகளுக்கு 40 பிட் என்றே வரம்பிட்டிருந்தது. ஆனால் அதே ஏற்றுமதி வகைக் குறியாக்கத்தில் ஆர்எஸ்ஏ-வுக்கு 512 பிட் அனுமதிக்கப்பட்டது. ஒரே எண்ணை இரு முறைகளுக்கும் பொதுவாக்க முடியாது என்பது அங்கே தெரிந்திருந்தது. இந்திய விதியின் எழுத்தோ இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது.

இதே நாட்டில் 2001-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு வகுத்த நெறிமுறைகள், உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே குறைந்தது 128 பிட் எஸ்எஸ்எல் வேண்டும் என்றன. ஆக, ஓர் ஆவணம் 40-ஐத் தாண்டாதே என்றது. மற்றோர் ஆவணம் 128-க்குக் குறையாதே என்றது. வங்கிகள் எதைப் பின்பற்றின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் மைய அரசு வெளியிட்ட தேசியக் குறியாக்கக் கொள்கை வரைவும், படிமுறைகளையும் திறவுகோல் அளவுகளையும் அரசே அறிவிக்கும் என்று சொல்லிக் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, ஓரிரு நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. பிட் எண்ணிக்கை என்பது கணக்கியல் அளவு மட்டுமன்று; அது சட்டத்தின் எல்லைக்கோடாகவும் இருந்திருக்கிறது.

நிரலகங்களின் பழைய செயல்கூறுகளில் அந்த வரலாற்றின் தழும்புகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. ஓபன்எஸ்எஸ்எல்-இல் ஓர் இணைப்பின் குறியாக்கத் தொகுதியைப் பற்றிக் கேட்கும் செயல்கூறு ஒன்று இரண்டு எண்களைத் தரும்: படிமுறை கையாளும் பிட்டுகள் எத்தனை, அவற்றுள் மறைவானவை எத்தனை. ஏற்றுமதிக்கென வலிவு குறைக்கப்பட்ட பழைய ஆர்சி4 தொகுதியில் முதல் எண் 128, இரண்டாவது எண் 40. படிமுறை 128 பிட்டைத்தான் வாங்கிக்கொள்ளும். ஆனால் எதிரிக்குத் தெரியாதவை 40 மட்டுமே. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் நிம்மதியாக உறங்கியிருப்பார். 1995-இல் பிரான்சில் ஓர் ஆய்வாளர் அத்தகைய ஓர் இணைப்பைத் தன் நிறுவனத்தின் கணினிகளைக் கொண்டு 8 நாட்களில் உடைத்துக் காட்டினார்.

ஜாவாவிலும் அதே கதை உண்டு. ஏஇஎஸ்-க்கு அனுமதிக்கப்பட்ட அதிகத் திறவுகோல் நீளம் என்னவென்று கேட்டால், பழைய பதிப்புகள் 128 என்று சொல்லும். அது கணிதத்தின் வரம்பன்று, ஏற்றுமதி விதியின் வரம்பு. ஒன்பதாம் பதிப்பிலிருந்து அந்தத் தடை இயல்பாகவே நீங்கியது. இன்று அதே கேள்விக்கு 2,14,74,83,647 என்று விடை வருகிறது. அவ்வளவு நீளத் திறவுகோலை ஏஇஎஸ் ஏற்காது. 256-உடன் அதன் எல்லை முடிந்துவிடுகிறது. அது 32 பிட் முழு எண் மாறியில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு. 'வரம்பில்லை' என்பதைச் சொல்ல நிரலாளர்கள் கையாண்ட குறியீடு. அந்த விடையை நேர்ப்பொருளில் வாசிக்க இயலாது.

ஒரே திறவுகோலுக்கு மூன்று நீளங்கள் இருப்பதும் உண்டு. மும்மை டிஇஎஸ் முறையின் திறவுகோல் நினைவகத்தில் 24 பைட், அதாவது 192 பிட் இடம் கொள்ளும். அதில் ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட் சரிபார்ப்புக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால் உண்மைத் திறவுகோல் 168 பிட். இரு முனைகளிலிருந்தும் கணித்து நடுவில் சந்திக்கும் தாக்குதலால் வலிமை 112 பிட்டாகச் சுருங்குகிறது. எக்ஸ்25519 என்னும் புதிய முறையில் இதே நிலை வேறு வடிவில் தோன்றும். அதன் மறைத்திறவுகோல் 32 பைட், ஆகவே 256 பிட். அவற்றுள் 5 பிட்டுகளின் மதிப்பு முன்பே உறுதி செய்யப்பட்டுவிடுகிறது. கணக்கு நிகழும் களத்தின் பகா எண் 255 பிட். கணக்கு நடைபெறும் குலத்தின் வரிசையெண் 253 பிட். ஓபன்எஸ்எஸ்எல் தன் வெளியீட்டில் 253 என்றே அச்சிடும். 256-ஐ எதிர்பார்த்தவர் மூன்று பிட்டுகள் காணாமற்போனதாக அஞ்சுவார். வலிமை என்று கேட்டால் நிரலகம் 128 என்னும்; நுணுக்கமாகக் கணக்கிட்டால் 126-க்கு அருகில் வரும். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றும் வேறொரு பொருளை அளக்கிறது.

அப்படியானால் நீளத்தைக் கேட்காமல் வலிமையைக் கேட்டுவிட்டால் தீர்ந்ததா? தீராது. ஓபன்எஸ்எஸ்எல்-இன் 1.1.1 பதிப்பிடம் 4096 பிட் ஆர்எஸ்ஏ திறவுகோலின் பாதுகாப்பு வலிமையைக் கேட்டால் 128 என்று சொல்லும். அதே திறவுகோலை 3.0 பதிப்பிடம் காட்டினால் 152 என்று சொல்லும். திறவுகோலில் ஒரு பிட்டும் மாறவில்லை. மாறியது கணிக்கும் வழி. பழைய பதிப்பு படிக்கட்டு முறையைக் கையாண்டது. 3072-ஐத் தொட்டால் 128; அடுத்த படியான 7680 வரும் வரை அதே 128. அந்தப் படிக்கட்டில் 2047 பிட் திறவுகோல் 2048-இன் படியை எட்டாமையால் 1024-இன் படிக்கே சரிந்து 80 பிட் வலிமை பெற்றது. ஒரே ஒரு பிட் குறைந்ததற்கு 32 பிட் தண்டனை. புதிய பதிப்பு, எண்புலச் சல்லடையின் உழைப்பைக் கணிக்கும் வாய்பாட்டைக் கொண்டு இடைநிலை அளவுகளுக்கும் மதிப்பிடுகிறது.

குனூடிஎல்எஸ் என்னும் மற்றொரு நிரலகம் இன்னொரு வழியைக் கொண்டது. அங்கே கேள்வியையே திருப்பிக் கேட்கலாம்: 'இந்த அளவு பாதுகாப்பு வேண்டும், அதற்கு எத்தனை பிட் தேவை?' நடுத்தரம், உயர்வு, மிக உயர்வு, எதிர்காலம் என்று படிகளுக்குப் பெயரிட்டிருக்கிறது. 192 பிட் வலிமைக்கு அது சொல்லும் ஆர்எஸ்ஏ நீளம் 8192. நிஸ்ட் அட்டவணையோ 7680 என்கிறது. கேள்வியைத் தேவையிலிருந்து தொடங்கும் இந்த முறை மாணவர்க்கு மிகவும் உகந்தது. எனினும் இங்கும் விடை ஓர் இயற்கை மாறிலியன்று. ஒளியின் வேகத்தைப்போல அளந்து எடுத்த எண்ணாக எண்ணாமல், வல்லுநர் குழு ஒன்று ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எட்டிய மதிப்பீடாகவே அதைக் கொள்ள வேண்டும். ஆகவே எந்த நிரலகம், எந்தப் பதிப்பு என்பதைக் குறிப்பிடாத வலிமை எண், எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் காட்டும் மேற்கோளுக்கு ஒப்பானது.

மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு ஆர்எஸ்ஏ-வின் பிறப்பிலேயே சான்று உண்டு. 1977-இல் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்தியில் அம்முறையை உலகுக்கு அறிமுகம் செய்தபோது, 129 இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் காரணிப்படுத்துமாறு அறைகூவல் விடப்பட்டது. அதற்கு ஆகும் காலம் என்று அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு, 4-ஐத் தொடர்ந்து 16 சுழியங்கள் கொண்ட ஆண்டுகள். 1994-இல், பதினேழு ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் இணையத்தின் வழியே கூடி அதை உடைத்தார்கள். கணினிகள் விரைவடைந்தது ஒரு காரணம். காரணிப்படுத்தும் கணிதமே முன்னேறியது அதனினும் பெரிய காரணம். 1999-இல் 512 பிட் எண் உடைந்தது. 2020 பிப்ரவரியில் 829 பிட் எண் ஏறத்தாழ 2,700 கணிப்பகை ஆண்டு உழைப்பில் உடைந்தது. 2048 இன்னும் வெகுதொலைவில் இருக்கிறது. ஆனால் அத்தொலைவு குறைந்துகொண்டு வந்திருக்கிறது என்பதும் உண்மை.

ஆர்எஸ்ஏ-வின் தேய்வாவது படிப்படியாக நிகழ்வது. ஒரே நாளில் சரிந்த முறையும் உண்டு. குவாண்டம் கணினிக் காலத்துக்கென முன்மொழியப்பட்ட சைக் என்னும் முறை, நிஸ்ட் நடத்திய தேர்வில் நான்காம் சுற்றுவரை வந்தது. 2022-இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்களான காஸ்ட்ரிக், டெக்ரூ இருவரும் அதன் மிகச் சிறிய அளவுருத் தொகுதியை ஒரே ஒரு கணிப்பகையைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். முந்தைய நாள்வரை அது 128 பிட் ஏஇஎஸ்-க்கு நிகரானதாகக் கருதப்பட்டது. திறவுகோலின் நீளம் மறுநாளும் அப்படியேதான் இருந்தது; வலிமைதான் மறைந்துவிட்டது.

இதுவரை சொன்னவை எல்லாம் திறவுகோல் முறையாகப் பிறந்தது என்ற நம்பிக்கையின்மேல் நிற்பவை. அந்த நம்பிக்கை பொய்த்தால் நீளமும் வலிமையும் சேர்ந்தே பொருளிழக்கும். 2006-இல் டெபியன் இயங்குதளத்தின் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பைப் பேணியவர், நினைவகப் பிழை கண்டறியும் கருவி ஒன்று எச்சரிக்கை தருவதைக் கண்டு, அதற்குக் காரணமான நிரல் வரிகளை நீக்கினார். அவற்றுள் ஒன்று, சமவாய்ப்பு எண்களுக்கான விதையைக் கலக்கும் வரி. அது போனபின் திறவுகோல் உருவாக்கத்தில் மாறுபாடு தருவதாக எஞ்சியது செயல்முறை எண் ஒன்றே. அதற்கு இயலக்கூடிய மதிப்புகள் 32,768. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ இதைக் கண்டறிந்து வெளிப்படுத்தும்வரை, டெபியனிலும் அதன் வழித்தோன்றலான உபுண்டுவிலும் உருவான திறவுகோல்கள் அனைத்தும் அந்தச் சிறு கூடைக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டன.

அந்நாளில் அத்தகைய திறவுகோல் ஒன்றின் நீளத்தைக் கேட்டிருந்தால் 2048 என்ற விடை வந்திருக்கும். அட்டவணையில் ஒப்பிட்டிருந்தால் 112 பிட் வலிமை. உண்மை வலிமையோ 15 பிட். ஒரு கணினி வகைக்கும் ஒரு திறவுகோல் நீளத்துக்கும் உரிய எல்லாத் திறவுகோல்களையும் சில மணி நேரத்தில் உருவாக்கிப் பட்டியலிட முடிந்தது. 4096 பிட் திறவுகோலை விரும்பித் தேர்ந்தவர்க்கும் அதே 32,768 தான் கிடைத்தது. நீளத்தைக் கூட்டியதால் அவருடைய வழங்கி மெதுவாகியதே தவிரப் பாதுகாப்பு எள்ளளவும் கூடவில்லை.

2012-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இணையத்திலுள்ள பொதுத் திறவுகோல்களைப் பல இலட்சக்கணக்கில் திரட்டி, அவற்றுக்கிடையே மீப்பெரு பொதுக் காரணி உண்டா என்று பார்த்தன. யூக்ளிடின் பழைய வழிமுறையே கருவி. பகா எண் ஒன்றை இரு திறவுகோல்கள் பகிர்ந்துகொண்டால் இரண்டும் அக்கணமே உடைந்துவிடும். அவ்வாறு டிஎல்எஸ் வழங்கிகளில் 0.50 விழுக்காட்டின் மறைத்திறவுகோல்களை ஒரு குழு கண்டெடுத்தது. அவற்றுட் பெரும்பாலானவை, முதன்முறை இயங்கத் தொடங்கும்போது போதிய சமவாய்ப்பைத் திரட்ட இயலாத வழிச்செலுத்திகளும் அவை போன்ற சிறு கருவிகளும்.

2017-இல் இன்னும் பெரிய அதிர்ச்சி வந்தது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்ஃபினியான் நிறுவனத்தின் நிரலகம் பகா எண்களைத் தேர்ந்தெடுத்த முறையில் ஒரு கட்டமைப்பு இருப்பதைக் கண்டார்கள். விரைவுக்காகச் செய்த அந்தக் கட்டமைப்பால் 2048 பிட் திறவுகோலையும் ஏறத்தாழ 100 கணிப்பகை ஆண்டு உழைப்பில் உடைக்க இயலும் நிலை ஏற்பட்டது. ஆயிரம் கணிப்பகைகளை வாடகைக்கு எடுத்தால் சில வாரங்களில் முடியும் வேலை அது. எஸ்தோனியாவில் ஏறத்தாழ 7,50,000 குடிமக்களின் அடையாள அட்டைகள் அந்தச் சில்லைக் கொண்டிருந்தன. மருந்துச் சீட்டு, வரிக்கணக்கு, தேர்தல் வாக்கு என அனைத்தும் அந்த அட்டையில் தங்கியிருந்த நாடு அது. நவம்பர் தொடக்கத்தில் அரசு அச்சான்றிதழ்களை முடக்கி, நீள்வட்ட வளைவுத் திறவுகோல்களுக்கு மக்களை மாற்றியது. அந்த அட்டைகள் எதிலும் நீளத்தின் மேல் குறை சொல்ல இடமிருக்கவில்லை.

இந்நிகழ்வுகளில் ஆறுதலான ஒரு கூறும் உண்டு. கேட்கத் தெரிந்தவர்க்குத் திறவுகோல் இன்னும் சில விடைகளைத் தரும். டெபியனின் வலுவற்ற திறவுகோல்களின் பட்டியல் பொதுவெளியில் இருக்கிறது. இன்ஃபினியான் திறவுகோல்களுக்கு, பொதுத் திறவுகோலை மட்டும் கொண்டே நொடிப்பொழுதில் அறியக்கூடிய கைரேகை ஒன்று உண்டு. பொதுக் காரணிச் சோதனையை இளநிலை மாணவரும் எழுதிவிடலாம். நீளம் கேட்கும் ஒரு வரியோடு நிற்காமல் இவற்றையும் கேட்பதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு ஒரு பிற்பகல்.

வலிமை எண்ணை நிரலகமே வாயிற்காவலனாக நிறுத்தும் இடமும் ஒன்றுண்டு. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 பதிப்பிலிருந்து பாதுகாப்பு நிலை என்னும் அமைப்பைக் கொண்டுள்ளது. முதல் நிலை 80 பிட்டுக்குக் குறைந்ததை மறுக்கும். இரண்டாம் நிலை 112-க்கும், மூன்றாம் நிலை 128-க்கும் குறைந்ததை மறுக்கும். 3.2 பதிப்பில் இயல்பு நிலை இரண்டாக உயர்த்தப்பட்டது. பழைய ஆய்வுக்கருவியோடோ புதுப்பிக்கப்படாத துறை வழங்கியோடோ இணைய முயலும் ஆய்வாளர் திடீரென்று 'திறவுகோல் மிகச் சிறியது' என்ற பிழைச்செய்தியைச் சந்திப்பது இதனால்தான். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் மருந்து, நிலையைச் சுழியத்துக்கு இறக்கிவிடு என்பது. இறக்கினால் இணைப்பு கிடைக்கும். அந்த ஒரு கருவிக்காக இறக்கிய நிலை, அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டால், அக்கணினியில் அந்த நிரலகத்தைச் சார்ந்துள்ள மற்ற இணைப்புகளுக்கும் இறங்கிவிடக்கூடும். எதிர்முனைத் திறவுகோலைப் புதுப்பிப்பதே முறை. அது இயலாதபோது அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் விலக்களித்து, விலக்கைக் குறித்துவைப்பது அடுத்த நிலை.

குவாண்டம் கணினிகள் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகின்றன. நிரலகம் 15360 பிட் ஆர்எஸ்ஏ-வுக்கு 256 என்று சொல்லும் வலிமை, இன்றைய வகைக் கணினிகளை மட்டும் கருதியது. போதிய அளவில் குவாண்டம் கணினி உருவானால் ஷோர் வழிமுறையின்முன் 2048-உம் 15360-உம் ஒரே கதியை அடையும். 2024 ஆகஸ்டில் நிஸ்ட் அறுதியிட்ட எம்எல்-கெம் என்னும் புதிய தரத்தில், நடு அளவுருத் தொகுதியின் பொதுத் திறவுகோல் 1,184 பைட். அதைப் பிட்டாக்கி 9,472 என்று எழுதுவதால் எதுவும் விளங்காது. ஆகவே அங்கே வலிமையைப் பிட்டுகளில் சொல்லாமல் ஒன்று முதல் ஐந்து வரையான வகைகளில் சொல்கிறார்கள். மேற்சொன்னது மூன்றாம் வகை. அவ்வகை எண்ணைக் கேட்பதற்கென்றே ஓபன்எஸ்எஸ்எல் 3.6 பதிப்பில் தனிச் செயல்கூறு சேர்ந்திருக்கிறது. நாற்பதாண்டுகளாகப் பழகிய 'எத்தனை பிட்?' என்னும் கேள்வி அங்கே செல்லுபடியாகவில்லை.

இவ்வளவும் ஆய்வு மாணவர்க்கு எதற்கு என்று கேட்கலாம். மருத்துவப் பதிவுகளையோ, மரபணுத் தரவையோ, பெயர் மறைத்து வாக்குமூலம் தந்த கிராம மக்களின் நேர்காணல்களையோ குறியாக்கம் செய்து சேமிக்கும் ஆய்வேடுகள் இன்று எல்லாத் துறைகளிலும் உள்ளன. நெறிமுறைக் குழுவுக்கு அவர்கள் தரும் உறுதிமொழி பல ஆண்டுகளுக்கு உரியது. தகவலாளிக்கு எதிராக அந்த வாக்குமூலம் இருபதாண்டு கழித்தும் பயன்படக்கூடும். இன்று கவர்ந்து வைத்துப் பின்னாளில் திறக்கும் எதிரிக்குக் காலம் ஒரு தடையன்று. 112 பிட் வலிமையை 2030 வரைக்கும் ஏற்கலாம் என்பது நிஸ்ட்-இன் கணிப்பு. 2024 நவம்பரில் அது வெளியிட்ட வரைவறிக்கை 2035-க்குப் பின் ஆர்எஸ்ஏ-வையே கைவிடச் சொல்கிறது. 2048 பிட் என்று எழுதி முடித்த ஆய்வேட்டின் உறுதிமொழி அந்த ஆண்டுகளைத் தாண்டி நீளுமானால், இரண்டில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும்.

ஆகவே ஆய்வேட்டின் அந்த ஒற்றை வாக்கியத்தை விரித்து எழுதுவது நல்லது. முறை எது, திறவுகோலின் நீளம் என்ன, எந்த நிரலகத்தின் எந்தப் பதிப்பு எவ்வளவு வலிமை என்று மதிப்பிட்டது, திறவுகோல் எந்தக் கருவியில் எப்போது உருவானது, அறியப்பட்ட குறைபாடுகளுக்குச் சோதிக்கப்பட்டதா, தரவு எத்தனை ஆண்டு மறைவாக இருக்க வேண்டும் என்னும் ஆறு செய்திகளும் ஐந்து வரிகளில் அடங்கிவிடும். புறத்தேர்வாளர்களும் வாய்மொழித் தேர்வில் அந்த ஆறாவது செய்தியிலிருந்து தொடங்கிக் கேட்கலாம். எத்தனை ஆண்டு என்று மாணவர் சொல்லிவிட்டால், எத்தனை பிட் என்பதை நிரலகத்திடம் கேட்டுக்கொள்ள முடியும். முதற்கேள்விக்கான விடையை எந்த நிரலகமும் தராது. தரவைத் தந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.